மறியல் நாளில் வேலு சுமந்த மணல்

இதை எழுதுவதா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்த காலத்தில் என் பெரிய மகளுக்குக் கல்யாணமாகி, அவள் மகளுக்கும் இப்போது வரன் பார்க்கிறார்கள். பேனாவை எடுப்பேன். அஞ்சாவது வரைக்கும் படித்தவள் வைத்தியத்தைச் சேர்ந்த விஷயத்தையெல்லாம் எழுதலாமா என்று தோன்றும். வைத்துவிடுவேன். இன்னொரு தயக்கமும் இருந்தது. இதில் வருகிறவர்கள் எங்கள் சனம். போராட்டக் காலத்துச் சங்கதியை இப்போது எதற்குக் கிளறுகிறாள், இவளை யார் தூண்டிவிட்டார்கள் என்று கேட்பார்கள். அங்காளம்மன் சாட்சியாகச் சொல்கிறேன், யாரையும் தூக்கிப் பேசவும் தாழ்த்திப் பேசவும் நான் இதை எழுதவில்லை.

எழுத வைத்தது ஒரு சட்டை. பேச்சு வராத, ஓரிடத்தில் உட்காராத பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் இடங்கள் இப்போது கள்ளக்குறிச்சியிலும் வந்துவிட்டன. அப்படி ஓர் இடத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிற எங்கள் தெருப் பெண் ஒருநாள் அந்தச் சட்டையை எடுத்துவந்து காட்டினாள். கையில்லாத சட்டை. உள்பக்கம் சின்னச் சின்னப் பைகள் தைத்து, ஒவ்வொன்றிலும் கனமாக ஏதோ வைத்திருந்தது.

"இத மாட்டிவுட்டா எல்லாம் சரியாப்பூடும்னு விக்கிறவரு சொல்றாரு பெரிம்மா. நீங்க அந்தக் காலத்துலயே இந்த வேல பாத்தவங்களாச்சே. நெசமா?"

எல்லாம் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் எனக்கு அவர் மேல் சந்தேகம் வரும். அது நான் வேலை பார்த்த இடத்தில் ஒட்டிக்கொண்ட குணம். அந்தப் பெண்ணுக்கு வாயால் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் குத்தகைக்குக் கரும்பு போட்டுக்கொண்டிருந்தார். கிணறு வற்றிய ஒரு வருஷத்தில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். ஊருக்கு வெளியே ஓர் ஓட்டு வீடு. பின்னால் பெரிய வெளி, கிணறு, வேப்பமரம். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் இல்லம் என்று பலகை தொங்கும். எல்லாப் பிள்ளைகளையும் அந்த ஒரே பேரில்தான் அன்றைக்குச் சேர்த்துக் கட்டினார்கள். இன்றைக்கு ஆட்டிசம் என்கிறார்கள், வேறு பேர்களும் சொல்கிறார்கள். சாப்பாடு ஊட்டுவது, கழுவிவிடுவது, ஓடினால் பிடிப்பது, இதுதான் என் வேலை. முதல் இரண்டு வருஷமும் கடி வாங்கியே கற்றுக்கொண்டேன்.

பிறகுதான் சம்ஷாத் டீச்சர் வந்தார்கள். கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய் வீட்டுப் பெண். மெட்ராசில் போய் இதற்கென்றே படித்தவர். என்னைவிட வயது குறைவு. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வந்த முதல் வாரத்திலேயே வண்டியில் கோமுகி ஆற்று மணலைக் கொண்டுவந்து பின்வெளியில் கொட்டச் சொன்னார்கள். கடைத் தையல்காரரிடம் காக்கித் துணியில் இரட்டைப் பை தைத்து வாங்கினார்கள். முன்னால் ஒரு பை, முதுகில் ஒரு பை, இரண்டையும் சேர்க்கத் தோளில் பட்டை. ஒவ்வொன்றிலும் அரைப்படி மணல். அதைப் பிள்ளைகளின் தோளில் மாட்டி, கிணற்றைச் சுற்றி நடக்கவிட்டார்கள்.

எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. இந்த அம்மாவுக்கு மணல் எதற்கு? பிள்ளைகளை வைத்து எங்காவது கட்டட வேலை நடக்கிறதா? அப்படியென்றால் மணல் வெளியே போகவேண்டுமே. போகவில்லை. இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போய், மறுபடி இந்த மூலைக்கே வருகிறது. அப்புறம் இன்னொரு சந்தேகம் வந்தது. மந்திரித்த மண்ணாக இருக்குமோ? ஒருநாள் டீச்சர் ஊரில் இல்லாதபோது ஒரு பையைப் பிரித்து விரலை விட்டுத் துழாவினேன். மணலும் இரண்டு கிளிஞ்சலும்தான். அப்படியும் மனசு ஆறவில்லை. பிரதோஷத்துக்கு ரிஷிவந்தியம் போனபோது அர்த்தநாரீசுவரர் சந்நிதி விபூதியைப் பொட்டலமாகக் கட்டி வந்து, ஒவ்வொரு பையிலும் ஒன்றைப் போட்டுத் தைத்துவிட்டேன். எது இருந்தாலும் இது பார்த்துக்கொள்ளும் என்று ஒரு தைரியம்.

மறுவாரம் டீச்சர் பைகளைத் தராசில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பையைப் பிரித்து, பொட்டலத்தை எடுத்து முகர்ந்தார்கள். என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இருக்கட்டும்கா. ஆனா கனம் ஜாஸ்தியாவுது பாருங்க" என்று சொல்லிவிட்டு, பொட்டலத்தை உள்ளேயே வைத்து, ஒரு பிடி மணலை வெளியே எடுத்துப் போட்டார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவர்கள் குணமே அதுதான். சத்தம் போடமாட்டார்கள், விளக்கமும் சொல்லமாட்டார்கள். எந்தப் பிள்ளைக்கு என்ன கனமோ அதைவிடக் கூடுதலாகத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, புடவையை இழுத்துச் செருகி, முதலில் தானே ஒரு சுற்று நடப்பார்கள். பிள்ளைக்குப் பின்னால் நடந்தபடி அதன் தோளையே பார்ப்பார்கள். தோள் காதைப் பார்த்து ஏறினால் கனம் அதிகம், உடனே இறக்கு. மூச்சு வாங்கினால் இறக்கு. புத்தகப் பை கனத்துக்கு மேல் எந்தப் பிள்ளைக்கும் போகக்கூடாது. இன்னொரு விதி எல்லாவற்றையும்விடப் பெரியது. பையைப் பிள்ளையின் முன்னால் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். பிள்ளையாக முதுகைத் திருப்பிக் காட்டினால்தான் மாட்டலாம். திருப்பாத பிள்ளைக்கு அன்றைக்குப் பை கிடையாது. அவசரப்பட்டு நான் ஒருமுறை பின்னாலிருந்து மாட்டிவிட்டேன். கிணற்றடியிலிருந்து வந்து கழற்றினார்கள். "நாம சொமைய ஏத்தலக்கா. அவங்க கேக்கறாங்க, நாம குடுக்கறோம்" என்றார்கள்.

பை மட்டும் இல்லை. கிணற்றுக் கயிறு இழுப்பது, மணல் மேட்டில் தவழ்ந்து ஏறுவது, கல் வைத்த மரப்பெட்டியைத் தள்ளுவது எல்லாம் உண்டு. இத்தனையும் முடித்துத்தான் பிள்ளைகளைப் பாயில் உட்கார வைப்போம். எதற்கு டீச்சர் இதெல்லாம் என்று நான் நச்சரித்ததில் ஒரே ஒருநாள் சொன்னார்கள். "கண்ண மூடிக்கினாலும் நம்ம கை எங்க இருக்கு, கால் எங்க இருக்குன்னு நமக்குத் தெரியும். இவங்கள்ல சில பேருக்கு அது சரியாத் தெரியறதில்லக்கா. ஒடம்பத் தேடிக்கினு ஓடறாங்க, இடிச்சிக்கறாங்க. தள்ளினா, இழுத்தா, சொமந்தா, இதோ இருக்கேன்னு ஒடம்பு சொல்லுது. கொஞ்ச நேரம் ஒக்கார முடியுது."

"அப்ப நல்லாயிடும்னு சொல்லுங்க."

"அந்த வார்த்தை மட்டும் இங்க வேணாம். இன்னிக்கு ஒக்காந்து சாப்ட்டான்னு சொல்லுங்க, போதும்."

வேலாயுதம் என்ற வேலுவை அவன் அப்பா கலியபெருமாள் கொண்டுவந்து சேர்த்தது அந்தச் சமயத்தில்தான். பையனுக்கு ஒன்பது வயசு இருக்கும். பேச்சு கிடையாது. ஓட்டம் மட்டும்தான். குதிகால் தரையில் படாமல் நுனிக்காலில் ஓடுவான். சத்தம் கேட்டால் தாடையில் தானே குத்திக்கொள்வான். அவர்கள் ஊர் கல்வராயன் மலை அடிவாரத்தில், கரியாலூருக்கு ஏறுகிற பாதைக்குப் பக்கம். வீட்டில் காலில் கயிறு கட்டித்தான் வைத்திருந்தார்கள். கணுக்காலில் தழும்பு இருந்தது. ஒரு தர்மஸ்தலத்தில் இவனைப் போன்றவர்களைச் சங்கிலி போட்டு வைத்துக்கொள்கிறார்கள், அங்கே விட்டுவிடலாம் என்று உறவுக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசியாக இதையும் பார்ப்போம் என்றுதான் இங்கே வந்தார்கள். இங்கே முடியாது என்றால் அவனுக்குச் சங்கிலிதான். அது எங்களுக்கும் தெரியும், அவன் அம்மா தனக்கோடிக்கும் தெரியும்.

கலியபெருமாள் உள்ளே வந்ததும் நாற்காலியில் உட்காரவில்லை. பின்வெளியை எட்டிப்பார்த்தார், சமையல்கட்டை எட்டிப்பார்த்தார், பிள்ளைகளின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"இங்க புள்ளிங்கள வெச்சி இன்னா வேல வாங்குவீங்க?"

"வேல ஒண்ணும் வாங்கறதில்லீங்க" என்றார் டீச்சர்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. எம் புள்ள ஏர் புடிக்கறதுக்கோ மூட்ட தூக்கறதுக்கோ பொறக்கல. ஒக்கார வையுங்க. பேனா குடுங்க."

"ஒக்கார வெக்கறேன்" என்றார் டீச்சர். பேனாவுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. அதைக் கலியபெருமாள் கவனித்தார். எங்களை நம்பாத முகத்தோடுதான் போனார்.

அவர் அப்படிக் கேட்டதில் நியாயம் இருந்தது. அவருடைய அப்பா பெரிய பண்ணையில் நெல் மூட்டை தூக்கியவர். இவரும் இளவயசில் தூக்கியவர். தோளில் காய்ப்பு ஏறி, ஒரு பக்கம் உயர்ந்திருக்கும். எங்கள் சனத்துக்குப் படிப்பிலும் உத்தியோகத்திலும் தனி இடம் வேண்டும் என்று போராட்டம் கிளம்பிய வருஷங்கள் அவை. ராத்திரியானால் ஊர் ஊராகக் கூட்டம் நடக்கும். அவர்கள் ஊரில் முன்னால் நின்றவர் கலியபெருமாள். என் வீட்டுக்காரரும் போவார். நம் பிள்ளை தோளில் இனி மூட்டை ஏறக்கூடாது, கையில் பேனா ஏறவேண்டும் என்று கலியபெருமாள் ஒரு கூட்டத்தில் பேசியதைக் கேட்டுத் தான் அழுதுவிட்டதாக என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். அவர் மகன் எங்கள் இடத்தில் இருப்பதை நான் வீட்டில் சொல்லவில்லை.

வேலு முதல் மாதத்தில் பையைக் கண்டாலே ஓடினான். டீச்சர் தினமும் அவன் முன்னால் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஆணியில் மாட்டிவிடுவார்கள். மழைக்காலத்தில் ஒருநாள் காலையில் அவனாகவே வந்து முதுகைத் திருப்பி நின்றான். அதற்கப்புறம் கிணற்றைச் சுற்றி நடந்தான், கயிறு இழுத்தான், மேடு ஏறினான். பாயில் உட்கார்ந்து ஒரு தட்டுச் சோற்றை முழுசாகச் சாப்பிட்டான். நான் சமையல்காரம்மாவிடம் போய், பையன் நல்லாயிட்டான் என்று சொல்ல வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன். மறுநாளே தட்டைத் தூக்கி எறிந்தான். சொல்லாமல் விட்டது நல்லதாகப் போயிற்று.

சனிக்கிழமைகளில் அவனை நான்தான் பஸ்சில் ஊருக்குக் கூட்டிப்போவேன். பையோடு இருந்தால் சீட்டில் உட்கார்ந்து வருவான். ஊர் நிறுத்தத்தில் இறங்கியதும் பையைக் கழற்றி என் கூடையில் போட்டுக்கொள்வேன். தனக்கோடி எதிரே வந்து பிள்ளையை அழைத்துக்கொள்வாள். பை விஷயம் அவளுக்குத் தெரியும்.

"அவருக்கு மட்டும் தெரியவாணாம் அக்கா. தெரிஞ்சா அன்னிக்கே இட்டாந்துடுவாரு. அப்புறம் அந்தச் சங்கிலி வூடுதான்" என்பாள்.

போராட்டத்தில் சாலை மறியல் பெரிதாக நடக்கப்போகிறது என்று பேச்சு வந்தபோது, தங்கியிருக்கும் பிள்ளைகளை வீட்டில் சேர்த்துவிடலாம் என்று டீச்சர் முடிவு செய்தார்கள். காலையில் பஸ் ஓடுகிறது என்று சொன்னதை நம்பி வேலுவோடு ஏறினேன். பாதி வழியில் கண்டக்டர் எல்லோரையும் இறக்கிவிட்டார். முன்னால் புளியமரம் வெட்டிப் போட்டிருக்கிறார்கள், வண்டி போகாது. பின்னாலும் வெட்டிவிட்டார்கள் என்றார் ஒருவர். எதை நம்புவது? வேலுவின் ஊருக்குத்தான் தூரம் குறைவு. நடந்தோம். பை தோளில் இருந்ததால் என் பக்கத்திலேயே, குதிகால் தரையில் பட நடந்து வந்தான்.

வளைவில் போலீஸ்காரர்கள் நின்றிருந்தார்கள்.

"நில்லு. பையில இன்னா?"

"மணல் சார்."

"மணலா? எதுக்கு?"

"புள்ளைக்கு சார். கனம் இருந்தா அமைதியா வருவான்."

கேட்டவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். "கேட்டியாய்யா? கனம் இருந்தா அமைதியா வருவானாம். நமக்கும் ஆளுக்கு ரெண்டு குடுக்கச் சொல்லு." பிறகு வேலுவிடம், "டேய், பேர் இன்னாடா?"

"அவனுக்குப் பேச்சு வராது சார்."

"காலைலருந்து புடிச்சவன் எவனுக்குமே பேச்சு வரல. ஊருக்கு ஊரு ஊமையாயிட்டானுங்க. கண்ணுல வீசறதுக்குத்தானே மணல்? கழட்டு."

டீச்சரின் விதியில் பழகியவள், அவர்கள் இழுக்கும் முன்னால் நானே மெதுவாகக் கழற்றிக் கொடுத்தேன். இரண்டு பையின் வாயையும் பிரித்துத் தலைகீழாகக் கொட்டினார். விபூதிப் பொட்டலம் விழுந்தது. அதையும் லத்தி முனையால் கிளறிப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்றதும் அவருக்குச் சந்தேகம் கூடிற்றே தவிர குறையவில்லை.

"போ. நடந்தே போவணும். இன்னிக்கு ஓடறவன நாங்க நிறுத்திக் கேள்வி கேக்க மாட்டோம், பாத்துக்க."

இவன் ஓடுகிற பிள்ளை. வளைவு தாண்டுவதற்குள் வேலு நுனிக்காலில் எழும்ப ஆரம்பித்துவிட்டான். தாடைக்குக் கை போனது. ஓரத்தில் உட்கார்ந்து செம்மண்ணை இரண்டு கையாலும் வாரிப் பையில் அடைத்து வாயை முடிந்தேன். கனம் சரியா, கூடவா என்று பார்க்க அளவு இல்லை. அவன் முன்னால் பிடித்தேன். திரும்பினான். மாட்டினேன். அங்காளம்மா, இந்த ரோட்டை மட்டும் தாண்ட வை என்று வேண்டிக்கொண்டே நடந்தேன்.

ரோட்டில் வெட்டிப் போட்ட மரத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எங்கள் சனம். கொடி, கோஷம், தம்பட்டம். மரத்தின் மேல் ஒருவர் நின்றிருந்தார். தலையில் துண்டு. யார் என்று நான் பார்ப்பதற்கு முன்னால் கீழே நின்ற ஒருவன் எங்களைப் பார்த்துவிட்டான்.

"கலியபெருமாள்ணே, அங்க பாரு. லாரி, பஸ்சு எல்லாத்தையும் நிறுத்திப்புட்டோம். ஒம் மவன் மட்டும் லோடு ஏத்திக்கினு வரான்."

நாலு பேர் சிரித்தார்கள். அவர் மரத்திலிருந்து இறங்கி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏம்மா, இன்னா இது?"

"அண்ணே, பயப்படாதிங்க. மண்ணுதான். டீச்சர் சொல்லி..."

"யாரக் கேட்டு எம் புள்ள தோள்ல மூட்டய ஏத்தின? எங்கப்பன் மூட்ட தூக்கித் தூக்கிக் கழுத்து சாஞ்சி செத்தாரு. நான் தூக்கினேன். இவன் தூக்கக் கூடாதுன்னுதான் நடுரோட்டுல நிக்கறேன். என்னிய சிரிப்பா சிரிக்க வெக்கறதுக்கு எவன் சொல்லி ஒன்ன இன்னிக்குப் பாத்து இப்படி இட்டார வெச்சான்? சொல்லு."

யாரோ வேண்டுமென்றே என்னை அனுப்பியதாக நினைத்துவிட்டார். "கழட்டாதிங்க அண்ணே, இந்தச் சத்தத்துல..." என்று சொல்லி முடிப்பதற்குள் பட்டையைப் பிடித்து இழுத்தார். ஒரு பக்கம் தையல் விட்டது. பையைத் தூர எறிந்தார்.

வேலு இரண்டு முறை தாடையில் குத்திக்கொண்டான். அப்புறம் ஓடினான். கூட்டத்துக்குள் ஓடியிருந்தால் யாராவது பிடித்திருப்பார்கள். நாங்கள் வந்த வழியே, போலீஸ் நின்ற பக்கம் பார்த்து ஓடினான்.

அவர்களும் அதற்குள் வளைவிலிருந்து முன்னேறி வந்திருந்தார்கள். வரிசையாக நின்று லத்தியைத் தூக்கினார்கள். "எம் புள்ளடா அவன்" என்று கத்திக்கொண்டு கலியபெருமாள் ஓடினார். தலைவர் ஓடுகிறார் என்று பின்னால் நாலு பேர் ஓடப் பார்த்தார்கள். நான் அவர்கள் முன்னால் கையை விரித்து நின்று, "யாரும் ஓடாதிங்க, ஓடினா அடிப்பாங்க" என்று அலறினேன். நின்றார்கள். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் வெறும் தார் ரோடு. அதில் அப்பனும் மகனும்.

அவர் பிள்ளையைப் பிடித்துவிட்டார். பிடிக்கப் பிடிக்க அவன் துள்ளினான். அவர் மார்பில் தலையால் முட்டினான், கையைக் கடித்தான். மூட்டை தூக்கிய உடம்பாலும் அந்தச் சின்னப் பிள்ளையை அடக்க முடியவில்லை. வீட்டில் கயிறு போட்டே பழகியவருக்கு வெறும் கையால் பிடிக்கத் தெரியவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் பையை எடுத்துக்கொண்டு நடந்தே போனேன். அறுந்த பட்டையை முடிச்சுப் போட்டேன். நானே மாட்டியிருக்கலாம். ஆனால் இனி நான் தொட்டால் அவர் என்ன செய்வார் என்று பயமாக இருந்தது.

"நீங்களே புடிங்க அண்ணே. அவன் மேல வெக்காதிங்க. எதிர்ல புடிச்சிக்கினு நில்லுங்க. வேணும்னா அவனே திரும்புவான்."

"திரும்பலன்னா?"

"எனக்குத் தெரியாது அண்ணே."

பிள்ளையை விட்டார். விட்டதும் ஓடிவிடுவான் என்றுதான் நானும் நினைத்தேன். இரண்டு அடி ஓடி நின்றான். அவர் பையை நீட்டிப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். போலீஸ் பார்க்கிறது, அவர் சனம் பார்க்கிறது. தம்பட்டம் நின்றுவிட்டது. வேலு அவரைப் பார்க்கவில்லை. பையைப் பார்த்தான். பக்கவாட்டில் வந்து, திரும்பி, முதுகைக் காட்டி நின்றான்.

அவர் உடனே மாட்டவில்லை. அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். பிறகு குனிந்து, தன் கையாலேயே தன் மகன் தோளில் ஏற்றினார்.

பிள்ளை உடனே அடங்கவில்லை. இன்னும் ஒருமுறை தாடையில் குத்திக்கொண்டான். நடக்கவிடுங்கள் என்றேன். மரத்துக்கும் போலீசுக்கும் நடுவே அவனோடு அவர் போனார், வந்தார், போனார், வந்தார். மெதுவாகத்தான் குதிகால் தரையில் பட்டது. லத்தி எப்போது கீழே இறங்கியது என்று நான் கவனிக்கவில்லை. கேலி பேசியவன் மட்டும் இந்தப் பக்கம் பார்க்காமல் நின்றான். கடைசியில் அவர் பிள்ளையை வயல் வரப்பில் இறக்கி ஊரைப் பார்த்துக் கூட்டிப்போனார்.

ரோடு திறந்ததும் டீச்சரிடம் போய்ச் சொன்னேன்.

"மாட்டின ஒடனே அடங்கினானா?"

"இல்ல டீச்சர். நேரமாச்சு."

"அப்ப யார் கேட்டாலும் அப்படியே சொல்லுங்க. ஒடனேன்னு சொல்லிடாதீங்க."

அவனை இனி அனுப்பமாட்டார்கள் என்று இருந்தோம். அதற்கடுத்த வாரத்தில் கலியபெருமாள் அவனை அழைத்துக்கொண்டு வந்தார். நன்றி சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. பையைத் தூக்கிப் பார்த்து, "கனம் கீழ தொங்குது. இடுப்பப் புடிக்கும். முதுகு மேல ஏறி நிக்கணும்" என்றார். மடியிலிருந்து கோணி ஊசியை எடுத்துப் பட்டையைச் சுருக்கி அவரே தைத்தார். டீச்சர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, மற்றப் பைகளையும் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தார்கள். தைத்து முடித்ததும் கேட்டார்.

"இத எப்ப கழட்டலாம்?"

"அவன் திரும்பாத அன்னிக்கு."

அந்த நாளும் வந்தது. நாங்கள் நாள் பார்க்கவில்லை. பையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அவன் தாண்டிப்போய்க் கிணற்றுக் கயிற்றைப் பிடித்தான். மறுநாளும் அப்படித்தான். பை ஆணியிலேயே தங்கிவிட்டது. நடப்பதும் இழுப்பதும் ஏறுவதும் மட்டும் நிற்கவில்லை. அவன் ஊருக்கே போய்விட்ட பிறகு அப்பாவும் மகனும் காலையில் கரியாலூர்ப் பாதையில் முதல் ஓடை வரைக்கும் ஏறி இறங்குவார்கள் என்று தனக்கோடி சொன்னாள். ஏறி வந்த நாளில் உட்கார்ந்து சாப்பிடுகிறான், ராத்திரி தூங்குகிறான், அவளும் தூங்குகிறாள். மழையால் ஏறாத நாளில் எல்லாம் பழையபடி. கயிறு போடவில்லை. சங்கிலி வீட்டுப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

நடந்தது இவ்வளவுதான். ஆனால் நான் இதை வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு மறியலில் நின்றவர்கள் சொல்லும்போது, தலைவர் மகனைத் தோளில் தூக்கி வந்தார் என்கிறார்கள். பை வருவதில்லை. பயிற்சி இடங்களில் சொல்லும்போது, பை ஏறியதும் பிள்ளை அப்பா என்று கூப்பிட்டது என்கிறார்கள். கோயிலில் ஒரு அம்மா, பையில் இருந்த விபூதிதான் காப்பாற்றியது என்று என்னிடமே சொன்னாள். விபூதி வளைவிலேயே கொட்டிப்போயிற்று தாயே என்றேன். அவளுக்கு என் மேல் கோபம்.

படிக்கிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். இந்த மாதிரிப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கலியபெருமாள் தன் கையாலேயே அந்தக் கனத்தை மகன் தோளில் ஏற்றினார். மறுநாள் காலையில் மறுபடியும் மறியலுக்குப் போய் அதே மரத்தின் மேல் நின்று, நம் பிள்ளைகள் தோளில் மூட்டை ஏறக்கூடாது என்று பேசினார். வேலு இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. மூன்றையும் சேர்த்தே சொல்லுங்கள்.